அழைக்காமல் வரும் விருந்தாளி

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோம்?

"வாங்க" என்போம். உட்காரச் சொல்வோம். முதலில் தண்ணீர் கொடுப்போம். பிறகு தேநீர் கொடுப்போம். சொல்லாமல் வந்தவர் என்றாலும் முகம் சுளிக்க மாட்டோம். உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போடுவோம்.

ஆனால் ஒரு விருந்தாளி இருக்கிறார். அவர் பெரும்பாலும் இரவில்தான் வருவார். கதவைத் தட்ட மாட்டார். சுவரை இடித்துக்கொண்டு வருவார். ஒரு பிடி அரிசி அவருக்குப் போதாது. மூட்டை அரிசி வேண்டும்.

யார் அவர்? தெரிந்துவிட்டதா?

ஆம், காட்டு யானைதான்.

கேரளத்தில் இடுக்கி மாவட்டத்திலும், பாலக்காடு மாவட்டத்திலும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் இந்த விருந்தாளியைப் பார்க்காதவர்கள் குறைவு. தேயிலைத் தோட்டத்து லயங்களில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

லயத்தில் ஓர் இரவு

நள்ளிரவு. வெளியே வாழை முறியும் சத்தம். பேரன் விழித்துக்கொண்டான்.

"அப்பத்தா, யாரோ வந்திருக்காங்க."

"பேசாதய்யா. சாமி வந்திருக்கு."

"லைட்டைப் போடட்டுமா?"

"வேண்டாம். எந்திரிச்சு எங்கிட்ட வா. பின்பக்கம் போயிருவோம். உங்க அப்பனை எழுப்பு. வாட்சருக்கு போன் போடச் சொல்லு."

அப்பத்தா கதவைத் திறக்கவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எட்டிப் பார்க்கப் போய்த் திரும்பி வராதது அவருக்குத் தெரியும். விடியும் வரை மூன்று பேரும் பின்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பார்த்தால் ஐந்து வாழையும் இல்லை. சமையலறைச் சுவரில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்கு உள்பக்கம்தான் அரிசி வாளி இருந்தது.

யானைக்கு எப்படித் தெரிந்தது, அரிசி அங்கேதான் இருக்கிறது என்று?

மூக்கால் தெரியும். யானையின் தும்பிக்கைதான் அதன் மூக்கு. வாசனை பிடிப்பதில் அதற்கு ஈடான மிருகங்கள் மிகச் சிலவே. அரிசி, உப்பு, வெல்லம், பழுத்த பலா, சாராயம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடும்.

வளர்ந்த யானை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீனி தின்னும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். புல், மூங்கில், இலை, மரப்பட்டை என்று காட்டில் தேடித் தேடித் தின்பதிலேயே அதன் பொழுது போய்விடும். அப்படிப் பல மணி நேரம் தின்று பெறும் சத்து, ஒரு மூட்டை அரிசியில் சில நிமிடங்களில் கிடைக்கிறது. ஒரு தடவை ருசி கண்ட யானை மறுபடியும் வருவதில் ஆச்சரியம் இல்லை. நாமும் அப்படித்தானே!

பெண் யானைகள் குட்டிகளோடு கூட்டமாக வாழும். வயதான பெண் யானைதான் கூட்டத்துக்குத் தலைவி. ஆண் யானை பெரியவனானதும் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய்விடும். துணிந்து ஊருக்குள் வருவது பெரும்பாலும் இந்த ஆண் யானைதான்.

அரிசிக்கொம்பன் கதை

இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானல் என்று ஓர் ஊர். போடிமெட்டு ஏறி மூணாறு போகும் வழியில் இருக்கிறது. அங்கே ஒரு யானைக்கு மக்கள் வைத்த பெயர் அரிக்கொம்பன். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. கொம்பன் என்றால் தந்தம் உள்ள ஆண் யானை.

பன்னியார் எஸ்டேட்டில் ஒரு ரேஷன் கடை. அரிக்கொம்பன் அந்தக் கடையைத் திரும்பத் திரும்ப உடைத்தது. மூட்டையை வெளியே இழுத்துப் போட்டு அரிசியைத் தின்றது. அப்புறம் கடையைச் சுற்றி சோலார் வேலி போட்டார்கள். வீடுகளையும் அது விடவில்லை. உயிர்களும் போயின. "யானையைப் பிடியுங்கள்" என்று மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னக்கானலுக்குப் பக்கத்தில் ஓர் அணை இருக்கிறது. அதன் பெயர் ஆனையிறங்கல். பெயரைப் பிரித்துப் படியுங்கள். ஆனை, இறங்கல். யானைகள் இறங்கும் இடம். அணைக்கு என்ஜினீயர் வைத்த பெயர் அல்ல அது. யானைகள் தண்ணீருக்கு இறங்கி வருவதைக் கண்ட பழைய மக்கள் வைத்த பெயர்.

அந்தப் பக்கத்தில்தான் 2000க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் அரசு நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. 301 குடும்பங்கள். அதனால் ஊருக்கு 301 காலனி என்றே பெயர் வந்தது. நிலம் கேட்டுப் போராடிய ஏழைகளுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் கிடைத்த இடம் யானைகள் நடமாடும் இடம். இங்கே ஆட்களைக் குடியேற்ற வேண்டாம் என்று வனத்துறை அதிகாரி அப்போதே எழுதியிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. பிறகு என்ன ஆனது? பல குடும்பங்கள் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டன. மீதி இருந்தவர்களில் சிலர் இரவில் வீட்டு மொட்டை மாடியில் குடில் போட்டுப் படுத்தார்கள்.

அங்கே யார் விருந்தாளி? யார் வீட்டுக்காரர்? யானையைக் கேட்டால் ஒரு பதில் வரும். காலனிக்காரரைக் கேட்டால் வேறு பதில் வரும். காலனிக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கையில் பட்டாவைக் கொடுத்து அனுப்பி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

யார் வீட்டுக்கு அனுப்புவது?

2023ஆம் ஆண்டு விஷயம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. யானையைப் பிடித்துப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காட்டில் விடலாம் என்று முடிவாயிற்று.

பரம்பிக்குளம் கேரளத்தில்தான் இருக்கிறது. ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காட்டுக்குள் காடர், மலசர் போன்ற ஆதிவாசி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. கீழே முதலமடையில் மாந்தோப்புகளும் ஆயிரக்கணக்கான வீடுகளும் இருக்கின்றன. "சின்னக்கானலுக்கு வேண்டாத யானை எங்களுக்கு மட்டும் எதற்கு?" என்று முதலமடை மக்கள் கேட்டார்கள். கடையடைப்பு நடந்தது. கேட்டது நியாயம்தான். சின்னக்கானல்காரர் கேட்டதும் நியாயம்தான்.

கடைசியில் 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு அரிக்கொம்பனைப் பிடித்தார்கள். விக்ரம், சூர்யா, குஞ்சு, சுரேந்திரன் என்று நான்கு கும்கி யானைகள் வந்தன. கும்கி என்றால் காட்டு யானையை அடக்கப் பழக்கிய யானை. அரிக்கொம்பன் கழுத்தில் ரேடியோ காலர் என்ற பட்டையைக் கட்டினார்கள். யானை எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பட்டை செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும். லாரியில் ஏற்றித் தேக்கடி பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

விட்ட இடத்தில் அது நின்றதா? இல்லை.

எல்லை தாண்டி மேகமலைக்கு வந்தது. மே 27 அன்று கம்பம் நகரத்துத் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆட்டோவைத் தட்டிவிட்டது. மக்கள் சந்து பொந்துகளில் ஓடினார்கள். காயம்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5ஆம் தேதி தமிழக வனத்துறை அதை மறுபடியும் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் பக்கம் உள்ள களக்காடு முண்டந்துறைக் காட்டில், மேல் கோதையாறு பகுதியில் விட்டது.

சரி, அரிக்கொம்பன் போய்விட்டது. சின்னக்கானலில் யானைத் தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை. சக்கக்கொம்பன் இருந்தது. சக்க என்றால் பலா. முறிவாலன் கொம்பன் இருந்தது. இவை இரண்டும் சண்டை போட்டன. காயம்பட்ட முறிவாலன் 2024 செப்டம்பரில் இறந்தது.

தோனியில் நடந்தது

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தோனி என்ற ஊர். அங்கே வந்துகொண்டிருந்த யானைக்குப் பி.டி.7 என்று வனத்துறை பெயர் வைத்தது. பாலக்காடு டஸ்கர் ஏழு என்பதன் சுருக்கம் அது. 2022ஆம் ஆண்டு காலையில் நடக்கப் போன ஒருவரை அது கொன்றுவிட்டது. 2023 ஜனவரி 22 அன்று அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். உடம்பைச் சோதித்தபோது தோலுக்கு அடியில் சிறு சிறு துப்பாக்கிக் குண்டுகள் இருந்தன. பல நாள், பல பேர் சுட்டு விரட்டியிருக்கிறார்கள். ஒரு கண்ணில் பார்வையும் இல்லை.

சுட்டவர்களுக்கு யானை பயந்து ஓடிவிட்டதாகத் தோன்றியிருக்கும். காயம்பட்ட யானை மறுநாளும் வரும். மனிதனைக் கண்டாலே கோபத்தோடு வரும். அன்று அதன் முன்னால் போய் நிற்பவர், சுட்ட ஆளாக இருக்க மாட்டார். பால் வாங்கப் போன யாரோ ஒருவராக இருப்பார்.

பாலக்காடு, மலப்புறம் எல்லையில் 2020 மே மாதம் இதைவிடக் கொடுமை நடந்தது. காட்டுப் பன்றிக்கு வைத்த வெடிப் பழத்தைச் சினையான யானை ஒன்று தின்றது. வாய் சிதறியது. தின்னவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை வைத்து நின்றபடியே மே 27 அன்று இறந்தது.

கரண்டு வேலியும் அப்படித்தான். சோலார் வேலியில் மின்சாரம் விட்டு விட்டு, ஒரு நொடிக்கும் குறைவாக வரும். தொட்டால் உதறும், கொல்லாது. மின்கம்பத்திலிருந்து நேராக இழுத்த கம்பி அப்படியல்ல, கொன்றுவிடும். தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் 2023 மார்ச்சில் மூன்று யானைகள் இப்படி இறந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பாலக்காட்டுப் பக்கத்தில் பன்றிக்குப் போட்ட கம்பியில் இரண்டு இளைஞர்கள் மாட்டி இறந்தார்கள். கம்பி யானை என்று பார்க்காது, மனிதன் என்றும் பார்க்காது. இது ஜெயிலுக்குப் போகும் குற்றம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி யானையைக் கொல்வதும் குற்றம்தான்.

குப்பையும் விருந்துதான்

மூணாறில் படையப்பா என்று ஒரு யானை. ரஜினிகாந்த் படத்தின் பெயரைத் தோட்டத்து மக்கள் வைத்துவிட்டார்கள். படையப்பா சாலையில் பஸ்ஸை மறிக்கும். பெட்டிக் கடையில் பழம் எடுக்கும். நல்லதண்ணியில் குப்பை சேர்க்கும் இடத்துக்குப் போய்க் காய்கறிக் கழிவைத் தின்னும்.

சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் எடுக்கக் கிட்டே போகிறார்கள். ஆரன் அடிக்கிறார்கள். பழம் எறிகிறார்கள். அவர்கள் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார்கள். யானையும் லயத்து மக்களும்தான் அங்கேயே இருக்க வேண்டும். இதை அவர்களிடம் கொஞ்சம் உரக்கவே சொல்லலாம். தவறில்லை.

வீட்டுக் குப்பையையும் பார்க்க வேண்டும். சோற்றுக் கழிவையும் பழத் தோலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி லயத்துக்குப் பின்னால் எறிந்தால், அதுவும் ஒரு பந்திதான். யானை பையோடு விழுங்கும். வயிற்றில் பிளாஸ்டிக் தங்கும்.

சிவப்பு விளக்கு

வால்பாறை தமிழ்நாட்டில் இருக்கிறது. பரம்பிக்குளம் காட்டுக்கு அடுத்த மலை. அங்கேயும் தேயிலை, அங்கேயும் யானை. ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய நண்பர்களும் அங்கே பல ஆண்டுகள் தங்கி ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். யானையால் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள்?

விடை இதுதான். பெரும்பாலோர் யானையை விரட்டப் போய் இறக்கவில்லை. யானை அங்கே நிற்கிறது என்று தெரியாமல் போய் இறந்தார்கள். கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் நடந்தவர்கள். பனியில் கொழுந்து எடுக்கப் போனவர்கள். ரேஷன் வாங்கித் திரும்பியவர்கள்.

அப்படியானால் முன்கூட்டியே தெரிந்தால் போதும் அல்லவா? அவர்கள் ஒரு வழி செய்தார்கள். மாலையில் யானை நிற்கும் இடத்தை உள்ளூர் கேபிள் டி.வி.யில் எழுதிக் காட்டினார்கள். மக்களின் போனுக்குத் தமிழில் செய்தி அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால் விளக்கு எரியும். விளக்கை ஏற்ற ஒரு போன் அழைப்பு போதும். ஊர்க்காரர்களே ஏற்றுகிறார்கள். சிவப்பு எரிந்தால் பஸ்ஸை விட்டு இறங்குபவர் காத்திருப்பார், அல்லது கூட்டமாகப் போவார். யானைகள் அங்கே குறையவில்லை. சாவுகள் குறைந்தன. இந்த வேலைக்காக 2015ஆம் ஆண்டு ஆனந்தகுமாருக்கு விட்லி விருது என்ற உலகப் பரிசு கிடைத்தது.

சின்னக்கானல், மூணாறு பக்கங்களிலும் வாட்ஸாப் குழுக்களில் யானை பற்றிய செய்தி வருகிறது. செய்தி வந்தால் போதாது. அதைப் படிக்க வேண்டும். "ஆனை பெரியகானல் பக்கம் நிற்கிறது" என்ற ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால், அன்று வேறு வழியில் வீட்டுக்குப் போகலாம்.

படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் அவருக்கும் படித்துச் சொல்லுங்கள். வனத்துறையின் ரேஞ்ச் ஆபீஸ் எண்ணையும், யானை விரட்ட வரும் ஆர்.ஆர்.டி. குழுவின் எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். போன் வைக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். இன்றே எழுதலாம்.

வீட்டைச் சுற்றி இன்னும் சில வேலைகள் உண்டு. பலாவைப் பழுக்க விடாமல் காயிலேயே இறக்கிவிடுவது நல்லது. வாழையைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. வீட்டில் சாராய ஊறல் போடுவது எப்படியும் தப்பு. யானை ஊரில் அது உயிருக்கே ஆபத்து. குட்டியோடு நிற்கும் யானையைக் கண்டால் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகாதீர்கள். குடித்துவிட்டு யானையைக் கும்பிடப் போகிறவரைக் கட்டிப் போட்டாவது நிறுத்துங்கள்.

நஷ்டம் வந்தால்

யானை வீட்டை இடித்துவிட்டது. ஏலத்தை மிதித்துவிட்டது. என்ன செய்வது?

அழுதுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். காட்டு மிருகத்தால் வரும் நஷ்டத்துக்குக் கேரள அரசு பணம் தருகிறது. உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். காயத்துக்கும், வீட்டுக்கும், பயிருக்கும், மாட்டுக்கும் தனித்தனித் தொகை உண்டு. தொகை அவ்வப்போது மாறும். ரேஞ்ச் ஆபீஸில் கேட்டுக்கொள்ளலாம்.

இடிந்த சுவரை உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள். வனத்துறை ஆள் வந்து பார்க்கட்டும். பயிர் நஷ்டம் என்றால் கிருஷி பவனிலும் சொல்லுங்கள். பிறகு அக்ஷயா மையத்துக்குப் போய் மனுவைக் கம்ப்யூட்டரில் பதியச் சொல்லுங்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், நிலவரி ரசீது ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். பதிந்ததும் ஒரு ரசீது தருவார்கள். அந்த எண்ணைத் தொலைக்காதீர்கள். பணம் வரத் தாமதமாகும். போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் கேட்க முடியும்.

"எனக்கு மலையாளம் எழுத வராதே" என்று சிலர் தயங்குவார்கள். தயக்கம் வேண்டாம். தமிழர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

கீழே ஒரு மனு இருக்கிறது. இரண்டு முறை படியுங்கள். பிறகு உங்கள் நோட்டில் எழுதுங்கள். கோடிட்ட இடத்தில் உங்கள் விவரத்தை நிரப்புங்கள்.

அனுப்புநர்:
பெயர் ____________
லயம் அல்லது வீட்டு எண் ____________
ஊர் ____________
போன் ____________

பெறுநர்:
வன ரேஞ்ச் அதிகாரி அவர்கள்,
____________ ரேஞ்ச் ஆபீஸ்.

ஐயா அல்லது அம்மா,

பொருள்: காட்டு யானையால் ஏற்பட்ட நஷ்டம்.

நான் மேலே உள்ள முகவரியில் குடியிருக்கிறேன். ____ தேதி இரவு ____ மணிக்குக் காட்டு யானை வந்து என் ____________ஐச் சேதப்படுத்தியது. அன்று இரவே உங்கள் வாட்சருக்குப் போனில் சொன்னேன். சேதத்தின் போட்டோக்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நேரில் வந்து பார்த்து, எனக்குச் சேர வேண்டிய நஷ்ட ஈட்டைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம் ____________
நாள் ____________

கையொப்பம் ____________

கையொப்பம் போடும் இடத்தில் பெருவிரல் மை வேண்டாம். உங்கள் பெயரை எழுதுங்கள்.